முடியாத நூலுக்கு ஒரு விருந்து



1205ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கியோட்டோ அரண்மனை ஒன்றில் விருந்து நடந்தது. ஒரு கவிதைத் தொகுப்பு நிறைவேறியதைக் கொண்டாடும் விருந்து. ஆனால் தொகுப்பு நிறைவேறவில்லை. ஜப்பானிய மொழியில் எழுதச் சொல்லியிருந்த முன்னுரையின் செம்பிரதி வந்து சேரவில்லை. எந்தப் பாடல் எதற்கு அடுத்து என்ற தகராறும் ஓயவில்லை. தொகுப்பாளர்களில் ஒருவரான ஃபுஜிவாரா நோ தெய்கா, இப்படி ஒரு விருந்துக்கு முன்னுதாரணமே கிடையாது என்று சொல்லி வராமலே இருந்துவிட்டார். விருந்து வைத்தவரோ இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. ஜப்பானிய மொழிப் பாடல்களின் முதல் அரசவைத் தொகுப்பான கொகின்ஷூ 905ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1205 அதற்கு முந்நூறாவது ஆண்டு. அறுபதாண்டுச் சுழற்சியிலும் அதே பெயர் கொண்ட ஆண்டு. அந்த ஆண்டைத் தவறவிட அவருக்கு மனமில்லை. புத்தகம் தயாரோ இல்லையோ, விழா நடந்தாக வேண்டும். புத்தக வெளியீட்டு விழா நடத்திய அனுபவம் உள்ளவர்கள் இங்கே சிலர் சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

அவர் பெயர் கோதோபா. ஜப்பானின் 82ஆவது பேரரசர். நூலின் பெயர் ஷின் கொகின்ஷூ. இருபது சுருள்கள், ஏறத்தாழ 1,980 பாடல்கள். ஒவ்வொரு பாடலும் ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று முப்பத்தொரு அசைகளில் முடிந்துவிடும் வாகா என்ற வடிவம். அரசர்கள் கவிஞர்களை ஆதரித்த கதை எல்லா நாட்டிலும் உண்டு. பொன் கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், பாட்டு வாங்கிக்கொண்டார்கள். கோதோபா அந்த வகை இல்லை. கவிஞர்களோடு கூடவே உட்கார்ந்து வேலை செய்தவர். அதனாலேயே அவர்களுக்குத் தீராத தலைவலியாகவும் இருந்தவர். ஒரு நூலை அடித்துத் திருத்துவதுபோல நாட்டையும் திருத்திவிடலாம் என்று நம்பியதில்தான் அவர் வாழ்க்கை கவிழ்ந்தது என்பது என் வாசிப்பு. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவர் 1180இல் பிறந்தார். ஜப்பானிய வரலாற்றில் அதைவிட மோசமான ஆண்டைத் தேர்ந்து யாரும் பிறக்க முடியாது. தைரா, மினமோட்டோ என்ற இரு போர்க்குலங்களுக்கு இடையே ஐந்தாண்டுப் போர் தொடங்கிய ஆண்டு அது. அரியணையில் இருந்தவர் வேறொரு தாய் வயிற்றில் பிறந்த அவருடைய அண்ணன், குழந்தை அந்தோக்கு. தைரா குலத் தலைவர் கியோமோரியின் மகள் வயிற்றுப் பேரன். 1183இல் தைராக்கள் தலைநகரை விட்டு ஓடும்போது அந்தோக்குவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அரசுரிமைச் சின்னங்களான ஆடி, வாள், மணி மூன்றையும் கொண்டுபோய்விட்டார்கள். தலைநகரில் எஞ்சியிருந்த தாத்தா, பதவி துறந்த பேரரசர் கோஷிரகாவா, இன்னொரு பேரனைத் தேடினார். இரண்டு பேரர்களை அழைத்துவரச் சொன்னார். மூத்தவன் தாத்தாவைப் பார்த்ததும் அழுதான். இளையவன் தயங்காமல் வந்து மடியில் ஏறிக்கொண்டான். அந்தப் போரைப் பாடும் ஹெய்கே கதை இப்படித்தான் சொல்கிறது. மடியில் ஏறியவனுக்கு அரியணை. மூன்று வயது.

இரண்டு ஆண்டுகள் போல நாட்டில் இரண்டு பேரரசர்கள். 1185இல் தான்-நோ-உரா கடற்போரில் தைராக்கள் தோற்றபோது, அந்தோக்குவின் பாட்டி குழந்தையை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தாள். ஆடியும் மணியும் மீட்கப்பட்டன. வாள் கடலோடு போயிற்று. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. ஆக, சின்னங்கள் இல்லாமல் முடிசூடியவர், அண்ணன் மூழ்கியதால் சந்தேகமின்றி அரசரானவர், வாள் இல்லாத அரசர். இந்தக் குறை அவரை எந்த அளவுக்கு உறுத்தியது என்பதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பின்னாளில் நாட்டின் தலைசிறந்த வாள்கொல்லர்களை மாதமுறை வைத்து அரண்மனைக்கு வரவழைத்து, தானும் சம்மட்டி எடுத்து வாள் அடித்தார் என்பது ஜப்பானிய வாள் மரபில் ஊறிப்போன செய்தி. அவர் கைபட்டதாகச் சொல்லப்படும் வாள்களில் செவ்வந்திப் பூ முத்திரை இருக்கும். இன்று ஜப்பானிய அரச குடும்பத்தின் சின்னம் செவ்வந்தி அல்லவா? அதற்கு வேர் இவரிடம் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

1192இல் தாத்தா இறந்தார். அதே ஆண்டு மினமோட்டோ நோ யோரிதோமோ ஷோகுன் பட்டம் பெற்றார். கிழக்கே காமகுராவில் படைவீரர்களின் அரசு. மேற்கே கியோட்டோவில் பேரரசரின் அவை. ஒரு நாட்டில் இரண்டு அடுப்பு. கோதோபா 1198இல், பதினெட்டு வயது நிரம்பும் முன்பே, மூத்த மகனுக்கு முடிசூட்டிவிட்டுப் பதவி துறந்தார். துறந்தார் என்றால் காவி உடுத்திக் காட்டுக்குப் போனார் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலத்து ஜப்பானில் அரியணையில் இருப்பவருக்குச் சடங்குகள்தான் மிச்சம். அதிகாரமோ பதவி துறந்தவரின் கையில். சடங்குச் சுமை இறங்கியதும் அவருக்கு நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை என்ன செய்தார் என்கிறீர்கள்? பந்து உதைத்தார்; கெமாரி என்ற அந்த ஆட்டத்தில் தலைவர் பட்டமே பெற்றார். வில், மல்யுத்தம், நீச்சல், பிவா என்ற நரம்புக் கருவி, எதையும் விடவில்லை. ஒரு கொள்ளைக்காரனைப் பிடிக்கப் படகில் தானே போய், கனத்த துடுப்பை ஒற்றைக் கையில் விசிறிபோலச் சுழற்றி ஆட்களை ஏவினாராம். அதைப் பார்த்தே அவன் தளர்ந்து பிடிபட்டான் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கதைத் தொகுதி ஒன்று சொல்கிறது. கதை உண்மையோ இல்லையோ, அவரைப் பற்றி இப்படிக் கதை கட்டத் தோன்றியது என்பதே அவர் யார் என்று காட்டுகிறது.

பிறகு கவிதை பிடித்துக்கொண்டது.

1200ஆம் ஆண்டு, இருபது வயதில், நாட்டின் முன்னணிக் கவிஞர்கள் ஆளுக்கு நூறு பாடல்கள் எழுதித் தர வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது அவையில் இரண்டு கவிதைக் குடும்பங்கள், எதிரும் புதிருமாக. ரொக்குஜோ குடும்பம் பழமைப் புலமையின் பக்கம். ஷுன்ஸெய் என்ற முதுபெரும் கவிஞரின் மிக்கோஹிதாரி குடும்பம் புதிய பாணியின் பக்கம். ரொக்குஜோக்காரர்கள் அழைப்புப் பட்டியலில் ஷுன்ஸெயின் மகன் தெய்காவின் பெயர் வராமல் பார்த்துக்கொண்டார்கள். பதவி உயர்வு இல்லாமல், ஓயாத நோயும் கோபமுமாக, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார் தெய்கா. எண்பத்தைந்தைத் தாண்டிய கிழவர் ஷுன்ஸெய் பேனா எடுத்தார், அதாவது தூரிகை எடுத்தார். கோதோபாவுக்கே நேராக ஒரு நீண்ட மடல். எதிராளிகளுக்குக் கவிதை தெரியாது என்பதை அதில் அவர் மறைக்கவே இல்லை. தெய்கா சேர்க்கப்பட்டார். அவர் எழுதித் தந்த நூறு பாடல்களைப் படித்த கோதோபா சொக்கிப்போனார். அவைக்குள் நுழையும் உரிமை தெய்காவுக்குக் கிடைத்தது.

அங்கிருந்து மூன்றாண்டுகள் நடந்ததைக் கவிதைக் காய்ச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். 1201இல் அரண்மனையிலேயே வாகாதோகொரோ என்ற கவிதை அலுவலகத்தை மீண்டும் திறந்தார். அதே ஆண்டு ஷின் கொகின்ஷூவைத் தொகுக்க ஆறு பேரை நியமித்தார். மிச்சிதோமோ, அரிஇயே, தெய்கா, இயேதாக்கா, மசாத்சுனே, துறவி ஜாக்குரென். ஜாக்குரென் அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். முப்பது கவிஞர்களிடம் ஆளுக்கு நூறு பாட்டு வாங்கி, இரண்டிரண்டாக மோதவிட்டு, ஆயிரத்து ஐந்நூறு சுற்றுப் போட்டி ஒன்றும் நடத்தினார். அந்த அளவுக்குப் பெரிய பாட்டுப் போட்டி அதற்கு முன் நடந்ததில்லை.

அந்தப் போட்டியில் குனாய்க்யோ என்ற இளம்பெண் கலந்துகொண்டாள். கோதோபாவின் அவைப் பெண். இருபது வயதைக்கூடத் தொடாதவள் என்று நம்பப்படுகிறது. எல்லோரும் கரை கண்ட பெரியவர்கள், உன்னைச் சேர்த்தது நான், என் முகத்தைக் காப்பாற்று என்று கோதோபா சொன்னாராம். அவள் முகம் சிவந்து, கண் கலங்கி நின்றாளாம். அவள் எப்படி எழுதுவாள் என்பதை அந்தக் காலத்துக் கவிஞர் காமோ நோ சோமெய் குறித்துவைத்திருக்கிறார். இன்னொரு பெண்கவி, ஷுன்ஸெயின் மகள் என்றே அழைக்கப்பட்ட அவருடைய பேத்தி. அவள் பாட்டு எழுதும் நாள் வரும்முன் பழைய தொகுப்புகளையெல்லாம் மீண்டும் மீண்டும் படிப்பாள். போதும் என்று தோன்றியதும் அத்தனையையும் ஒதுக்கிவைத்து, விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஆள் அரவமில்லாமல் உட்கார்ந்து யோசிப்பாள். குனாய்க்யோ நேர் எதிர். சுற்றிலும் ஏடுகளை விரித்துப்போட்டு, விளக்கைக் கிட்டத்தில் இழுத்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதி எழுதிப் பார்ப்பாள், இரவு பகல் பாராமல். உடம்பு கெட்டது. அப்பா கண்டித்தார். அவள் கேட்கவில்லை. சின்ன வயதிலேயே போய்விட்டாள். ‘முகத்தைக் காப்பாற்று’ என்ற சொல்லுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று நாம் கணக்குப் போட முடியாது. ஆனால் இந்தப் பேரரசரின் அன்பு எப்போதும் ஒரு வேலையோடுதான் வரும்.

இன்னொரு நிகழ்ச்சி. 1203இல் ஷுன்ஸெய்க்குத் தொண்ணூறு வயது. அதைக் கவிதை அலுவலகத்தில் விழாவாக எடுத்தார் கோதோபா. பரிசாகக் கொடுக்கும் துறவாடையில் ஒரு பாட்டைத் தைக்க வேண்டும். பாட்டு எழுதியவள் குனாய்க்யோ. ஊதா நூலில் எழுத்துகளைத் தைத்தவள் உக்யோ நோ தைபு என்ற அவைப் பெண். தைத்து அனுப்பியாயிற்று. விழா இரவன்று அரண்மனையிலிருந்து அவசர அழைப்பு: இரண்டு எழுத்துகள் மாற வேண்டும். தரும் அரசர் சொல்வதாக வரவேண்டிய பாட்டு, பெறும் கிழவர் சொல்வதுபோல வந்துவிட்டது. இரண்டு எழுத்தில் அது மாறிவிடும். அவள் ஓடிப்போய், அங்கேயே உட்கார்ந்து, நூலைப் பிரித்து, இரண்டு எழுத்தையும் மறுபடி தைத்துக் கொடுத்தாள். அப்புறம் இரவு முழுக்க விழாவை வேடிக்கை பார்த்தாள். இதைத் தன் கவிதைக் குறிப்புகளில் அவளே எழுதிவைத்திருக்கிறாள். இளமையில் அவள் பணிசெய்தது யாரிடம் தெரியுமா? கடலில் மூழ்கிய குழந்தை அந்தோக்குவின் தாயிடம். அவள் காதலன் ஒரு தைரா. தான்-நோ-உராவில் செத்தவர்களில் ஒருவன். அந்த அரண்மனையில் ஊசி பிடித்த கைக்கும் ஒரு கதை இருந்தது.

இனி தொகுப்பு வேலைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய அரசவைத் தொகுப்புகளில் அரசர் ஆணையிடுவார், கவிஞர் தொகுப்பார், அரசர் பார்வையிடுவார். கோதோபா தொகுப்பாளர்கள் கொண்டுவந்து குவித்த பாடல்களையெல்லாம் தானே படித்தார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஏறக்குறைய இரண்டாயிரம் பாடல்களும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன என்று கவிதை அலுவலகத்தின் செயலர் இயேனாகா எழுதுகிறார். விருந்து முடிந்த சில நாளிலேயே திருத்தம் தொடங்கிவிட்டது. அந்தத் திருத்தம் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். நூல் என்பது நீளமான காகிதச் சுருள். ஒரு பாட்டை நீக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் காகிதத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் பசை தடவி ஒட்ட வேண்டும். புதிதாகச் சேர்க்க வேண்டுமென்றால் வெட்டி, நடுவில் வேறு துண்டு வைத்து ஒட்ட வேண்டும். இந்தத் தொகுப்பில் பாடல்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. வசந்தத்தின் முதல் மூடுபனியிலிருந்து உதிரும் செர்ரிப் பூ வரை ஒன்றையொன்று கைகோத்து நகரும்படி அடுக்கியிருப்பார்கள். ஒன்றை உருவினால் முன்னும் பின்னும் நிற்கும் இரண்டும் முகம் கொடுத்துப் பேசாது. அப்போது அந்த இரண்டையும் மாற்ற வேண்டும். காலையில் அவரே சேர்க்கச் சொன்னதை மாலையில் எடுக்கச் சொல்வார். தெய்கா தன் நாட்குறிப்பில் இதைப் பற்றிப் பொருமித் தள்ளியிருக்கிறார். இந்த வெட்டலும் ஒட்டலும் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. 1216இல் இயேனாகா எடுத்த பிரதி வரை.

நூல் இவ்வளவு அழகாக வந்ததற்கும் அதே கைதான் காரணம். அதிகப் பாடல்கள் யாருடையவை? அவைக்கு வெளியே அலைந்து 1190இலேயே மறைந்துவிட்ட துறவி சைக்யோவினுடையவை, 94. உயிரோடு இருந்து கூழைக்கும்பிடு போட்டவர்களுடையவை அல்ல. கோதோபா ஆழமாகப் படித்தவர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அவருக்கும் தெய்காவுக்கும் நடந்த மோதலை ஆளுமைச் சண்டையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. தெய்கா ஒருமுறை அரண்மனைச் செர்ரி மரத்தடியில், காவற்படையில் ஆண்டுக்கணக்காக உயர்வின்றிப் பணிசெய்த தன் நிலையை நினைத்து ஒரு பாட்டுப் பாடினார். அதைத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்றார் கோதோபா. அது என் நல்ல பாட்டே இல்லை, சேர்க்காதீர்கள் என்று தெய்கா பலர் முன்னிலையில் திரும்பத் திரும்ப மறுத்தார். அரசரின் வாதம்: அந்த மரம், அந்த நாள், அந்த மனிதனின் நிறைவேறாத ஆசை, எல்லாம் சேர்ந்தால்தான் அது பாட்டு, இடத்துக்கும் காலத்துக்கும் இசைந்து இதயத்திலிருந்து வந்தது. கவிஞரின் வாதம்: பாட்டு காகிதத்தில் தனியாக நிற்க வேண்டும், யார் பாடினான், எப்போது பாடினான் என்பதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்கக் கூடாது. இருவருமே சரி என்று சொல்லி நழுவ நான் விரும்பவில்லை. இந்த ஒரு வழக்கில் நான் அரசர் பக்கம். பாட்டு சேர்க்கப்பட்டது. பின்னாளில் எழுதிய கவிதைக் குறிப்புரையில் தெய்காவை ஒப்பற்ற கலைஞர் என்று மனமாரப் புகழ்ந்துவிட்டு, விவாதம் என்று வந்தால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் என்ற பொருளில் கோதோபா சாடுகிறார். அவர் சொன்ன உவமை மானைக் குதிரை என்று சாதிப்பவன் பற்றியது, சீனத்துப் பழங்கதை.

தெய்காவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1201இல் கோதோபா குமானோ மலைக்கோயில்களுக்கு யாத்திரை போனபோது தெய்காவையும் இழுத்துக்கொண்டு போனார். வாழ்நாளில் இருபத்தெட்டு முறை அந்த யாத்திரை போனவர் அவர். மலையும் காடும் ஆறும் கடந்து, போய்வர மூன்று வாரத்துக்கு மேல். வழியில் தங்குமிடந்தோறும் கவியரங்கம். தெய்காவுக்கு உடம்பு சரியில்லை, தங்கக் கிடைத்த குடிசை மோசம், விடிவதற்குள் முன்னால் போய் அடுத்த நிலைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இரவில் அரசர் முன்னால் பாட்டும் வேண்டும். அந்த யாத்திரையில் கவிஞர்கள் தம் கையால் எழுதிக் கொடுத்த பாட்டுத் தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. முப்பத்தொரு அசைகளுக்குப் பின்னால் எத்தனை இருமல் என்று தாளில் தெரியாது.

களிப்பும் இருந்தது, மறுக்கவில்லை. கியோட்டோவுக்குத் தெற்கே யோதோ ஆற்றங்கரையில் மினாசே என்ற இடத்தில் அவருக்கு ஒரு மாளிகை. படகு, இசை, ஆணுடை தரித்து ஆடும் ஷிராப்யோஷி நடனப் பெண்கள், சூதாட்டம். தொடர்பாட்டுப் பந்தயத்தில் கண்ணியக் கவிகள் ஒரு கட்சி, கேலிக் கவிகள் ஒரு கட்சி. ஒரு கட்சிக்குப் பெயர் சீமைப்பனிச்சை, மற்றதற்குக் கஷ்கொட்டை. மாலைப்பொழுது என்றால் இலையுதிர்காலத்து மாலைதான் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த மரபுக்கு எதிராக, வசந்தத்து மாலையைப் போற்றி அவர் பாடிய புகழ்பெற்ற பாட்டு இந்த மினாசேயைப் பற்றியதுதான்.

ஆனால் பிடிக்காததை வெட்டும் கை காகிதத்தோடு நிற்கவில்லை. 1207இல் அவர் குமானோ யாத்திரையில் இருந்தபோது, அவைப் பெண்கள் இருவர் ஹோனென் என்ற பௌத்த குருவின் சீடர்களிடம் போய்த் துறவு பூண்டுவிட்டார்கள் என்று செய்தி. திரும்பிவந்தவர் சீடர்கள் நால்வருக்கு மரண தண்டனை விதித்தார். எழுபதைத் தாண்டிய ஹோனெனை நாடு கடத்தினார். நாடு கடத்தப்பட்டவர்களில் இளந்துறவி ஷின்ரானும் ஒருவர். ஜப்பானின் மிகப்பெரிய பௌத்தப் பிரிவுகளில் ஒன்று பின்னால் அவர் பெயரில்தான் வளர்ந்தது. ஷின்ரான் அந்த அநியாயத்தைத் தன் நூலில் பெயர் சுட்டி எழுதிவைத்தார். கவிதை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

1220இல் தெய்காவுக்கும் அந்த வெட்டு விழுந்தது. கோதோபாவின் மகன், பேரரசர் ஜுந்தோக்குவின் அரண்மனைக் கவியரங்குக்கு அழைப்பு. அன்று தாயின் நினைவுநாள். வர இயலாது என்றார் தெய்கா. விடவில்லை. இரண்டு பாட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதில் வில்லோ மரத்தை வைத்துத் தன் துயரத்தைச் சொன்ன ஒரு பாட்டு கோதோபாவுக்குச் சுருக்கென்று பட்டது. ஏழாண்டுகளுக்கு முன்னால் தெய்காவின் தோட்டத்து வில்லோ மரங்களை அரசரின் ஆட்கள் அரண்மனைக்காகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் வடு அந்தப் பாட்டில் இருந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் பேசுகிறார்கள். எப்படியானாலும், அவைக் கவியரங்குகளுக்கு இனித் தெய்கா வரக்கூடாது என்று தடை விழுந்தது. இந்த இருவரும் அதற்குப் பிறகு சமாதானமாகவே இல்லை.

காமகுராவோடு அவர் நடத்திய போருக்கு வருகிறேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போரே சுருக்கமாகத்தான் முடிந்தது.

காமகுராவின் மூன்றாம் ஷோகுன் சனேதோமோ வாகா எழுதுபவர், தெய்காவிடம் திருத்தம் கேட்டுப் பாடல்கள் அனுப்பியவர். சனேதோமோ என்ற பெயரே கோதோபா வைத்ததுதான். கவிதை வழியாகவே கிழக்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அரசருக்கு இருந்தது. 1219இல் காமகுராவின் ஹச்சிமான் கோயிலில் சனேதோமோவை அவருடைய அண்ணன் மகனே வெட்டிக் கொன்றான். அந்த நம்பிக்கையும் போயிற்று. அப்புறம் கோதோபாவின் காதலியான கமேகிக்கு என்ற நடனப் பெண்ணுக்குக் கொடுத்த இரண்டு பண்ணைகளில் காமகுரா வைத்த மேற்பார்வை அதிகாரிகளை நீக்கச் சொல்லி அவர் கேட்டார். ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஹோஜோ யோஷிதோக்கி மறுத்தார். 1221இல் யோஷிதோக்கியை ஒழிக்கச் சொல்லி நாடு முழுவதற்கும் ஆணை பறந்தது. ஒரு தாளில் எழுதி ஒரு மனிதரை வெட்டிவிடலாம் என்ற கணக்கு.

காமகுராவில் யோரிதோமோவின் விதவை மசாக்கோ வீரர்களைக் கூட்டினார். மறைந்த கணவர் உங்களுக்குச் செய்த நன்மை மலையைவிட உயரம், கடலைவிட ஆழம் என்ற பொருளில் அவர் பேசியது படையைத் திரட்டிவிட்டது. யோஷிதோக்கியின் மகன் யாசுதோக்கி தலைமையில் படை புறப்பட்டது. ஒரு கதை உண்டு: பாதி வழியில் யாசுதோக்கி தனியாகத் திரும்பிவந்து, அரசரே பல்லக்கேறிக் கொடியோடு எதிரே வந்தால் என்ன செய்வது என்று கேட்டாராம். அப்படி வந்தால் தலைக்கவசத்தைக் கழற்று, வில்லின் நாணை அறு, அடிபணி. தலைநகரில் இருந்துகொண்டு ஆளை அனுப்பினால் கடைசி ஆள் வரை போராடு. இதுதான் தந்தையின் பதில். அரசர் வரவில்லை; ஆளைத்தான் அனுப்பினார். ஆணை பறந்து ஒரு மாதத்தில் உஜி ஆற்றின் அணி உடைந்து தலைநகர் விழுந்தது. தோற்றுத் திரும்பிய அவருடைய வீரர்கள் அரண்மனையில் கடைசியாகப் போராடிச் சாகிறோம் என்று வாசலுக்கு வந்தபோது கதவு திறக்கவில்லை. எங்காவது போய்விடுங்கள் என்ற சொல் மட்டும் வெளியே வந்தது. துடுப்பை விசிறியாகச் சுழற்றிய அதே மனிதர்தான். எனக்கு அவரிடம் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அந்தக் கதவை மன்னிக்க முடிவதில்லை.

தலையை மழித்துத் துறவியாக்கி ஓக்கி தீவுக்கு அனுப்பினார்கள். புறப்படுமுன் நொபுசானே என்ற ஓவியரை வரவழைத்துத் தன் உருவத்தை எழுதச் செய்தார். மினாசேயில் இன்றும் காக்கப்படும் படம் அதுவே என்பது மரபு. ஒரு மகன் ஜுந்தோக்கு சாதோ தீவுக்கு. போரில் பங்கே இல்லாத மூத்த மகன் த்சுச்சிமிக்காதோ, அப்பா அங்கே கிடக்க நான் இங்கே இருப்பதா என்று தானே கேட்டுக்கொண்டு தோசாவுக்குப் போனார். அரசர் பக்கம் நின்றவர்களின் நிலங்கள் மூவாயிரத்தைக் காமகுரா பறித்துத் தன் வீரர்களுக்குப் பங்கிட்டது. ஜப்பானில் அடுத்த ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகப் படைவீரர் ஆட்சிதான் பெரும்பாலும் நடந்தது என்றால் அதற்கு இந்த ஒரு மாதம் பெரிய காரணம்.

ஓக்கி என்பது ஜப்பான் கடலில் இருக்கும் சிறு தீவுக் கூட்டம். இன்று அமா என்று அழைக்கப்படும் ஊரில் கென்புக்குஜி என்ற கோயிலில் அவரை வைத்தார்கள். கமேகிக்கு கூடவே போனாள். பதினெட்டு ஆண்டுகள். அங்கே என்ன செய்தார்? ஷின் கொகின்ஷூவைத் திருத்தினார்! இம்முறை கத்தி மட்டும்தான், பசை இல்லை. சுமார் நானூறு பாடல்களை நீக்கி ஆயிரத்து அறுநூறு ஆக்கினார். நூலில் முப்பதுக்கு மேல் தன் பாடல்களே இருப்பது மிகை என்று ஒப்புக்கொண்டு அவற்றிலும் வெட்டினார். இனி இதுதான் உண்மையான நூல் என்று பின்குறிப்பும் எழுதினார். 1236இல் கடிதம் மூலமாகவே பாடல்களை வரவழைத்து, பதினாறு கவிஞர்களை வைத்து எண்பது சுற்றுப் போட்டி ஒன்றை அந்தத் தீவிலிருந்தே நடத்தித் தானே தீர்ப்பும் எழுதினார். இயேதாக்கா பாட்டு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது, காமகுரா என்ன நினைக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. போட்டியாளர்களில் தெய்கா இல்லை.

தெய்காவின் நிலை இப்போது வேறு. மைத்துனர் காமகுராவின் நண்பர், பதவி உயர்ந்துகொண்டே போயிற்று. அடுத்த அரசவைத் தொகுப்பைத் தனியாகத் தொகுக்கும் பெருமை அவருக்கே கிடைத்தது. அதில் அவர் சேர்த்திருந்த, நாடுகடத்தப்பட்ட பேரரசர்களின் பாடல்களைக் காமகுராவின் மனம் கோணாதிருக்க மேலிடம் எடுக்கச் சொன்னது, எடுத்தார். போர்வீரர்களின் பாட்டுகள் மலிந்த அந்த நூலுக்கு மக்கள் உஜி ஆற்றுத் தொகுப்பு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் நூறு கவிஞர், ஆளுக்கு ஒரு பாட்டு என்று தெய்கா பேரில் வழங்கும் ஹ்யாக்குனின் இஷ்ஷூவில் 99ஆவது பாட்டு கோதோபாவுடையது, நூறாவது ஜுந்தோக்குவுடையது. அதன் வேறொரு வடிவத்தில் இந்த இரண்டும் இல்லை. அவற்றைத் தெய்காவே பின்னால் சேர்த்தாரா, வேறு யாரேனும் சேர்த்தார்களா என்பது தீராத வழக்கு.

1235இல் கோதோபாவைத் திரும்ப அழைத்துக்கொள்ளக் கியோட்டோவிலிருந்து கேட்டுப்பார்த்தார்கள். யாசுதோக்கி முடியாது என்றுவிட்டார். 1239இல், இறப்பதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, மினாசேயைக் கவனித்துவந்த சிக்கானாரிக்கு ஓர் ஓலை எழுதினார்: நிலத்தை வைத்துக்கொள், என் மறுமைக்காக வேண்டிக்கொள் என்று. எழுத்தின்மேல் செந்நிறத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தார். அதுவும் மினாசே கோயிலில் இருக்கிறது. அந்த ஆண்டு இரண்டாம் மாதம் 22ஆம் நாள் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் காமகுராவின் பெரிய தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோது, ஓக்கியின் சாபம் என்றார்கள். முதலில் வைத்த மறுமைப் பெயரை மாற்றி 1242இல் கோதோபா என்று வைத்தது அந்த அச்சத்தில்தான். 1488இல் அவருடைய நினைவுநாளையொட்டி சோகி முதலிய மூன்று கவிஞர்கள் மினாசேயின் பெயரில் நூறு கண்ணித் தொடர்பாட்டு பாடினார்கள். அந்த வடிவத்தின் உச்சம் அது என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஓக்கியில் வெட்டிய பாடல்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கட்டளையை யாரும் கேட்கவில்லை. படியெடுத்தவர்கள் முழு நூலையே எழுதினார்கள். அவர் எதை நீக்கினார், எதை வைத்தார் என்று பாட்டின் தலையில் சிறு குறி மட்டும் போட்டார்கள். இன்று நமக்கு அந்தத் தீவுப் பதிப்பு பெரும்பாலும் அந்தக் குறிகள் வழியாகத்தான் தெரிகிறது. அச்சில் கிடைப்பதும் அந்த நானூறும் சேர்ந்த நூல்தான். நீக்கியவற்றில் எனக்குப் பிடித்தவை இருக்கின்றன, அதனால் எனக்கு வருத்தமில்லை. நேரமாகிவிட்டது, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.